ஜவ்வாது மலைத் தீ: முருகேசனுக்கு ஒரு பதில்

வேலூர்
பங்குனி

அன்புள்ள முருகேசா,

நலம். உன் கடிதம் கிடைத்தது. மூட்டு வலி குறைந்ததில் சந்தோஷம். இங்கே பங்குனியிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. வேலூர்க்காரனுக்கு இது ஒரு செய்தியா என்பாய்.

ஜவ்வாது மலைத் தீயைப் பற்றி எழுதியிருந்தாய். முன்பு கும்மிருட்டாக இருந்த காடு, மனுஷன் வைத்த தீயால்தான் புல்லும் புதருமாகிவிட்டது என்கிறாய். பாதியைத்தான் ஒத்துக்கொள்வேன். இன்று தீ வைப்பது பெரும்பாலும் மனுஷன்தான். ஆனால் புல் நமக்கெல்லாம் மூத்தது. வெயிலும் வறட்சியும் தாங்கும் புல் வகைகள், இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் மண்ணைப் பார்த்தால், சுமார் 70 லட்சம் வருஷத்துக்கு முன்பே பரவிவிட்டன. அப்போது பீடி பிடிக்க ஆள் ஏது? மழைக்காலத்தில் ஆளுயரம் வளர்ந்து கோடையில் காய்ந்து நிற்கும் புல்லுக்கு ஒரு மின்னல் போதும்.

மழையும் ஒரே அளவில் பெய்ததில்லை. பூமியின் அச்சு பம்பரம் மாதிரி தள்ளாடுவதால், சூரியனுக்கு மிக அருகில் நாம் போகும் மாதம் மாறிக்கொண்டே வருகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 21,000 முதல் 23,000 வருஷம். இப்போது அது ஜனவரி. 11,000 வருஷத்துக்கு முன் கோடையிலேயே நெருங்கியதால் நிலம் நன்றாகச் சூடேறி, தென்மேற்குப் பருவமழை வலுத்தது. அதற்கும் முன்னால், சுமார் 20,000 வருஷத்துக்கு முந்தைய பனியுகத்தில், மழையும் குறைவு, காற்றில் கரியமில வாயுவும் குறைவு. இரண்டுமே புல்லுக்குச் சாதகம். நீலகிரிச் சதுப்புகளில் படிந்து மக்கிய செடிகொடி மண்ணில், புல்லையும் மரத்தையும் பிரித்துக் காட்டும் கார்பன் ஐசோடோப்புகளை (எடை வேறுபட்ட கார்பன் அணுக்களை) அளந்து, இந்த ஏற்ற இறக்கத்தைச் சூழலியல் ஆய்வாளர் சுகுமாரின் குழுவினர் 1993-இல் காட்டினார்கள். காடும் புல்லும் மாறி மாறி ஆண்ட இடம் அது. நம் மலை மட்டும் அசையாமலா இருந்திருக்கும்?

போன வாரம் ஜவ்வாது மலை அடிவாரத்து அமிர்திக்கு மேலே எரிந்த சரிவு ஒன்றைப் பார்த்தேன். சிற்றீச்சையின் அடித்தண்டு கரிக்கட்டையாக நிற்கிறது. நடுவில் ஒரு ஜாண் குருத்து, பச்சைப் பசேலென்று. கருமருதின் பட்டை கட்டம் கட்டமாக வெடித்து மேலே கருகியிருந்தது. நகத்தால் கீறினால் உள்ளே ஈரம். தீயோடு பழகாத மரங்களுக்கு இதெல்லாம் வராது.

அப்புறம், நீ சொன்னதில் சரியான பாதி. வருஷா வருஷம் எரிந்தால் கன்று பட்டை தடிக்கும் முன்னே பொசுங்கிவிடும். வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும், மறுபடி பொசுங்கும். போதாததற்கு உன்னிச்செடி (லாந்தானா) வேறு. அது வெளிநாட்டுச் சரக்கு. புல் தரையோடு எரிந்து அடங்கும். உன்னி தீயைக் கிளைவரை ஏற்றிவிடுகிறது. என் கோபமெல்லாம் அதன்மேல்தான். தீயையே அடியோடு நிறுத்திவிட வேண்டும் என்ற உன் யோசனைக்கு நான் வரமாட்டேன்.

சின்னவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது. வைகாசியில் வருவதாகச் சொன்னாயே, பஸ்ஸா ரயிலா என்று முன்கூட்டியே எழுது. ரயில் என்றால் காட்பாடிக்கு வண்டி எடுத்து வருகிறேன்.

உன்
தாமு