பழைய ஜீப்புக்கு ஹைட்ராலிக் கிளட்ச்: அளந்து பார்த்து மாட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போடி, கம்பம் பகுதியிலிருந்து விடியற்காலையில் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளிலும், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் சுற்றுலாப் பயணிகளைக் கொண்டுபோகும் ஜீப்புகளிலும் பழைய வண்டிகள் உண்டு. இப்படிப்பட்ட வண்டிகளின் கேபிள் கிளட்சை, ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக்காக மாற்றுவது நல்ல வேலைதான். ஆனால் காயலான் கடையில் கிடைத்த ஏதோ ஒரு மாஸ்டர் சிலிண்டரையும் (பெடல் மிதித்தால் ஆயிலைத் தள்ளுவது) ஏதோ ஒரு ஸ்லேவ் சிலிண்டரையும் (அந்த ஆயிலின் அழுத்தத்தில் கிளட்சை விடுவிப்பது) சேர்த்து மாட்டினால், மலைச்சரிவில் அது உயிருக்கு ஆபத்து.

வில்லிஸ் வழிவந்த ஜீப்பில் கிளட்ச் பெடல் சேஸிஸில் இருக்கிறது; கிளட்சை விடுவிக்கும் நெம்புகோலான ஃபோர்க், கிளட்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்கில் இருக்கிறது. கேபிளோடு சேர்ந்து இரண்டையும் இணைக்கும் குறுக்குக் குழாயின் ஒரு முனை சேஸிஸிலும் மறுமுனை பெல் ஹவுசிங்கிலும் உருண்டை ஆணியில் உட்காரும். எஞ்சின் ரப்பர் மவுண்ட்டில் ஆடுகிறது. மேடுபள்ளத்தில் சேஸிஸும் முறுக்கிக்கொள்கிறது. அப்போது பெடலைத் தொடாமலே இழுவையின் அளவு மாறி, ஏற்றத்தில் வண்டி உதறும். ஹைட்ராலிக்கில் நடுவில் ஒரு ரப்பர் ஹோஸ் வருவதால் இந்தத் தொல்லை அறுபடுகிறது. மாற்றத்தின் முழுப் பயனும் இதுதான். எனவே ஸ்லேவ் சிலிண்டரைப் பெல் ஹவுசிங்கில்தான் பொருத்த வேண்டும். வசதி என்று சேஸிஸில் வெல்டிங் வைத்தால் பழைய கோளாறு புதிய செலவோடு திரும்ப வரும்.

அதற்கு முன் ஒன்று. உருண்டை ஆணி, புஷ், கேபிள், எஞ்சின் மவுண்ட் நான்கையும் புதிதாகப் போட்டுப் பாருங்கள். உதறும் வண்டி அதிலேயே சரியாகிவிடலாம். அப்படியானால் மாற்றமே தேவையில்லை.

மாற்றுவதாக முடிவு செய்தால் முதலில் அளவு. ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மற்றவற்றுக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினை அணைத்து, டூ வீல் ஹையில் (பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் ஹை ரேஞ்சில்) கியர் போடுங்கள். ஃபோர்க்கின் வெளிமுனையை நெம்பி நகர்த்திக்கொண்டே சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தால், கிளட்ச் விடுபடும் இடம் தெரியும். முனை எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று குறித்து, ஃப்ரீ பிளே எனும் வெற்று நகர்வுக்கும் தேய்மானத்துக்கும் 3 மி.மீ. கூட்டுங்கள். ஃபோர்க்கை இழுத்தால் விடுபடுகிறதா, தள்ளினால் விடுபடுகிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். சாதாரண ஸ்லேவ் தள்ளும். ஃபோர்க்குக்கு இழுவை வேண்டுமென்றால் பிராக்கெட்டை எதிர்ப்பக்கம் வைக்க வேண்டும், அல்லது இழுக்கும் வகை ஸ்லேவ் வாங்க வேண்டும்.

அடுத்தது, அளந்த நகர்வைத் தரும் ஸ்லேவ் எது என்ற கணக்கு. பெடலின் விகிதம் 6க்கு 1 என்றும், பெடல் 150 மி.மீ. இறங்குகிறது என்றும் வைத்துக்கொண்டால் மாஸ்டரின் பிஸ்டன் 25 மி.மீ. நகரும். உள்விட்டத்தில் முக்கால் அங்குல மாஸ்டருக்கு முக்கால் அங்குல ஸ்லேவ் என்றால் ஃபோர்க் முனையும் அதே 25 மி.மீ. நகரும். எட்டில் ஏழு அங்குல, அதாவது 22.2 மி.மீ. ஸ்லேவ் என்றால் ஏறத்தாழ 18 மி.மீ.; ஒரு அங்குல ஸ்லேவ் என்றால் 14 மி.மீ.தான். ஸ்லேவ் பெரிதாக ஆக பெடல் லேசாகும், நகர்வு குறையும். கால் நோகாமல் இருக்கட்டும் என்று ஒரு அங்குலம் மாட்டிய வண்டியில் கிளட்ச் முழுதாக விடாமல் கியர் கரகரக்கும், கியர்பாக்ஸ் பாழாகும். தலைகீழாக, ஸ்லேவ் சின்னதாகிப் போனால் கிளட்சை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்கள் அளவுக்கு மேல் அமுங்கி வளையும். சில சமயம் ஸ்லேவின் பிஸ்டனே வெளியே வந்து ஆயில் முழுவதும் கொட்டிவிடும். எந்த அளவைப் போட்டாலும் பெடலுக்கு அடியில் ஒரு ஸ்டாப்பர் போல்ட் அவசியம்.

மாஸ்டரை எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் இடையிலுள்ள தகரச் சுவரில் அப்படியே முடுக்காதீர்கள். மிதிக்கும்போது தகரம் வளைந்து பாதி நகர்வை அதுவே தின்றுவிடும். பின்னால் 5 மி.மீ. இரும்புத் தகடு கொடுங்கள். பெடல் விட்ட நிலையில் புஷ் ராடுக்கும் பிஸ்டனுக்கும் இடையே 1 மி.மீ. இடைவெளி இருக்கட்டும், பெடல் முனையில் அது 6 மி.மீ. ஆகத் தெரியும். இந்த இடைவெளி இல்லையென்றால் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் துளை மூடியே இருக்கும். எஞ்சின் சூட்டில் ஆயில் விரியும்போது போக வழியின்றி ஃபோர்க்கைத் தள்ளும். கிளட்ச் வழுக்கிக் கருகும். காலையில் நன்றாக ஓடி, ஏற்றத்தில் வழுக்கும் வண்டியில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. ஃபோர்க் தள்ளும் பழைய ரிலீஸ் பேரிங் எந்நேரமும் சுற்றுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதனால் ஸ்லேவுக்குள் ஸ்பிரிங் இருந்தால் எடுத்துவிட்டு, ஃபோர்க்குக்கு வெளியே திரும்பு ஸ்பிரிங் மாட்டி, ஃபோர்க் முனையில் 2 மி.மீ. இடைவெளி விட்டு வையுங்கள்.

மாஸ்டரிலிருந்து சேஸிஸ் வரை இரும்புப் பிரேக் பைப், அங்கிருந்து ஸ்லேவுக்குப் பிரேக் ஹோஸ். செப்புப் பைப் வளைக்க எளிது, ஆனால் அதிர்வில் இறுகி விரிசல் விடும். சைலன்சர் பைப்பின் அருகே போனால் நடுவில் ஒரு தகடு வையுங்கள். ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சு போலாகிவிடும். டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயில் மட்டும்தான். எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஊற்றினால் ரப்பர் சீல் ஊதிப்போகும். ஏர் எடுக்கும் நிப்பிள் ஸ்லேவின் மேல்பக்கம் இருக்க வேண்டும், இல்லையேல் எத்தனை முறை மிதித்தாலும் காற்று முழுதாக வெளியேறாது.

இதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்: பிரேக்கின் ஆயில் டப்பாவிலிருந்தே கிளட்சுக்கும் குழாய் எடுப்பது. கிளட்ச் ஹோஸ் வெடித்தால் பிரேக்குக்கான ஆயிலும் வடிந்துவிடும். பழைய ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் சுற்றுதான். பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் இறங்கும் வண்டிக்கு அது போனால் வேறு கால் பிரேக் இல்லை. கிளட்சுக்குத் தனி டப்பா, அதுவும் எட்டிப் பார்க்கும் உயரத்தில் இருக்கட்டும்.

கேபிள் அறுந்தால் கட்டுக்கம்பியால் ஒப்பேற்றி ஊர் வந்து சேரலாம். ஹைட்ராலிக்கில் அது நடக்காது. ஆகவே இரண்டு சிலிண்டருக்குமான சீல் கிட், அரை லிட்டர் ஆயில், நிப்பிளுக்கான ஸ்பேனர், ஒளிபுகும் குழாய் ஒரு முழம் ஆகியவை வண்டியிலேயே இருக்க வேண்டும். வழியில் கிளட்ச் போய்விட்டால் பிரேக்கைப் பிடித்து எஞ்சினை அணையுங்கள், ஹேண்ட் பிரேக் போட்டுச் சக்கரத்துக்குக் கல் கொடுங்கள், ஆட்களை இறக்குங்கள். பிரேக் நன்றாக இருந்தால் மட்டும், லோ ரேஞ்சில் முதல் கியரைப் போட்டுக் காலைப் பிரேக்கில் வைத்துக் கல்லை எடுக்கச் சொல்லுங்கள். எடுப்பவர் விலகியதும் ஹேண்ட் பிரேக்கையும் கால் பிரேக்கையும் விட்டபடி கியரிலேயே ஸ்டார்ட்டரைத் தட்டினால் வண்டி ஊர்ந்து நகரும்; அடுத்த சமதளம் வரை அதே கியரில் போய் நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஜீப் மெக்கானிக்,
போடிநாயக்கனூர்