சின்னத்துரைக்குப் பீடி காரணமில்லை

பணகுடி
ஆடி மாதம்

அன்புள்ள முத்தையா,

நலம். நீயும் மதினியும் நலம்தானே? பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் பாதி. நீ காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரம் வாங்கிய பெருமையை ஒரு பக்கத்துக்கு அளந்திருந்தது மீதி. இங்கே ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஓட்டைப் பிரித்துக்கொண்டிருக்கிறது. உன் இயந்திரத்தைக் கொண்டுவந்து இதனோடு மோதவிட்டுப் பார்.

இப்போது எழுதுவது சின்னத்துரைக்காக. அவனுக்கு மறுபடியும் காசநோய். போன முறை ஆறு மாத மாத்திரையையும் ஒழுங்காக விழுங்கி முடித்தவன்தான். ஊர் பீடியைச் சொல்கிறது. கிணற்றடியில் முதல் பீடி கொடுத்தவன் நீ என்று அவன் அம்மா உன்னைச் சொல்கிறாள். கவலைப்படாதே, இந்த ஒரு வழக்கில் உனக்கு விடுதலை.

நெல்லையில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டு நுரையீரலின் மேல்பக்கமும் குருணை இறைத்தது போலப் புள்ளிகள். “கல் உடைக்கும் கிரஷரில் எத்தனை வருஷம் நின்றார்?” என்றுதான் முதலில் கேட்டார். சிலிகோசிஸ் என்று சீட்டில் எழுதினார். கல்தூசியால் வரும் நுரையீரல் நோய்.

தூசி நெஞ்சை அடைத்துவிட்டது என்று நாம் சாதாரணமாகச் சொல்வோம். விஷயம் அதைவிட மோசம். கண்ணுக்குத் தெரிகிற தூசி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் நின்று சளியோடு போய்விடும். 4 மைக்ரானுக்கும் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) குறைந்த தூள்தான் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை இறங்குகிறது. தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள். அங்கே மேக்ரோபேஜ் என்ற செல்கள் இருக்கின்றன. கிருமியோ அழுக்கோ, வந்ததை விழுங்கிச் செரிப்பது அவற்றின் வேலை. கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற சிலிக்கா மட்டும் அவற்றுக்குச் செரிக்காது. விழுங்கிய செல்லின் செரிமானப் பை கிழிந்து, அழற்சியைக் கிளப்பும் ரசாயனங்களைக் கொட்டிவிட்டு அது செத்துப்போகிறது. தூள் அப்படியே வெளியே விழ, அடுத்த செல் வந்து அதையே விழுங்குகிறது. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் இது உள்ளே நடந்துகொண்டே இருக்கும். காசநோய்க் கிருமி குடியிருப்பதும் இதே மேக்ரோபேஜுக்குள்தான். பிடித்து அடக்க வேண்டிய செல்லே நொண்டியாகிவிட்டால் கிருமிக்கு என்ன குறை?

காலையில் விரலை மடக்க முடியவில்லை என்று கோயில் கொடையன்று உன்னிடம் கையை நீட்டிக் காட்டினானே, அதையும் டாக்டர் குறித்துக்கொண்டார். சிலிக்கா தூசியில் கிடந்தவர்களுக்கு முடக்குவாதம் மற்றவர்களைவிடக் கூடுதலாக வருகிறதாம். கிருமியை அடக்கத் திராணியில்லாத எதிர்ப்புச் சக்தி, சொந்த மூட்டைத் தாக்கப் போய்விடுகிறது. என்ன அநியாயம் பார்.

பாறையில் துளை போடும்போதே தண்ணீர் விட்டு, ஜல்லி கொட்டும் இடத்தை மூடித் தெளித்தால் தூள் வெகுவாக அடங்கும். இது ஒன்றும் ரகசியமில்லை. தண்ணீர் லாரிக்கு யார் காசு கொடுப்பது என்பதுதான் கதை. அவன் முகத்தில் கட்டியிருந்தது ஈரிழைத் துண்டு. எறும்பு வந்தால் தடுக்கும். போய்ச் சேர்ந்த சேதத்துக்கு மருந்தும் கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காசநோய்க்குத்தான் வைத்தியம்.

எனக்குத் தூக்கம் போனது அதற்காகக்கூட இல்லை. அவன் மகன் செல்வம் இப்போது கல்லை அரைத்து மணலாக்கும் எம் சாண்ட் பிரிவில் நிற்கிறான். “அப்பா பீடி குடித்தார், நான் தொடுவதில்லை மாமா” என்கிறான்.

உன் மைத்துனர் தொழிலாளர் அலுவலகத்தில்தானே இருக்கிறார்? சிலிகோசிஸும் அதோடு சேர்ந்த காசநோயும் இழப்பீட்டுச் சட்டப் பட்டியலிலேயே தொழில்நோயாக இருக்கின்றன. ஆனால் இவனிடம் சம்பளச் சீட்டும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை. சனிக்கிழமை தோறும் கையில் காசு, அவ்வளவுதான். எதைக் காட்டினால் ஒத்துக்கொள்வார்கள் என்று விசாரித்து உடனே எழுது. கிரஷரில் லாரி ஓட்டிய பால்துரை சாட்சி சொல்லத் தயார். பால்துரை சாட்சியா என்று நீ சிரிப்பாய். வேறு ஆள் இல்லை.

உன்,
சுடலைமுத்து