பின்குறியை மாற்றவிருக்கும் நண்பனுக்கு

வண்ணார்பண்ணை,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதமும் அதனுடன் நீ வைத்திருந்த படங்களும் சென்ற வாரம் கிடைத்தன. உறையைப் பிரித்தவள் என் மனைவி. படத்தில் துவக்கைக் கண்டதும் சிறிது நேரம் அவள் பேசவில்லை. இந்த ஊரில் அந்தச் சொல் சுமக்கும் பாரம் உனக்குத் தெரியாததல்ல. கழகத்தில் கடதாசி இலக்கைச் சுடுவதற்காக ரொறன்ரோவில் நீ உரிமத்துடன் வைத்திருக்கும் .22 ரைபிள் அது என்று விளக்கிய பின்னர்தான் படங்களை என்னிடம் தந்தாள்.

ஐம்பது மீற்றரில் முன்பு ஒரு தேநீர்க் கோப்பையின் வாய்க்குள் அடங்கிய சூடுகள் இப்போது சாப்பாட்டுத் தட்டளவுக்குச் சிதறுகின்றன என்றும், தொலைநோக்கிக் குறி பூட்டுவதா அல்லது குறிபார்க்க உதவும் முன், பின் இரும்புக் குறிகளையே மாற்றுவதா என்றும் கேட்டிருக்கிறாய். குறிகளையே மாற்று என்பது என் உறுதியான எண்ணம். பாடசாலைக் கடேற் பயிற்சியில் என்னைவிட நீ நன்றாகச் சுட்டவன். உன் கை கெடவில்லை. கண்ணின் வில்லைதான் முதிர்ந்துவிட்டது. பின்குறியின் வெட்டு, முன்குறி, இலக்கு என்ற மூன்றையும் மாறி மாறித் தெளிவாகப் பார்க்க இளம் கண்ணால் முடியும். எழுபதை எட்டிய கண்ணால் முடியாது. உன் ரூகர் 10/22 ரைபிளில் தொழிற்சாலை வைத்த பின்குறி குழாயின் மேலே இருக்கிறது. அந்த மடிப்புக் குறியின் சிறிய வெட்டு உனக்கு இன்று புகைபோலத் தெரிவதில் வியப்பில்லை.

தியத்தலாவை இராணுவ முகாமில் நாங்கள் கையில் எடுத்த இரண்டு வகை லீ-என்பீல்டு ரைபிள்களை நினைத்துப் பார். பழையதில் குழாயின் மேலே திறந்த வெட்டு இருந்தது. நான்காம் இலக்க ரைபிளிலோ கண்ணுக்கு மிக அருகில், பின்பக்கத்தில், துளைக்குறி இருந்தது. உனக்கு வேண்டியது அந்த இரண்டாவது ஏற்பாடு. சிறிய துளையின் வழியாகப் பார்க்கும்போது கண்ணுக்குள் புகும் ஒளிக்கற்றை ஒடுங்குவதால், அருகிலுள்ளதும் தூரத்திலுள்ளதும் ஒரே நேரத்தில் ஓரளவு தெளிகின்றன. பணம் செலவழிக்கும் முன்னர் இதை நீயே சோதித்துப் பார்க்கலாம். கெட்டியான கடதாசியில் ஊசியால் ஒரு மில்லிமீற்றர் அளவில் துளையிட்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நல்ல வெளிச்சத்தில் அதன் வழியாகப் பத்திரிகை படி. நான் இன்று காலை முற்றத்தில் நின்று ‘உதயன்’ பத்திரிகையின் சிறு விளம்பரங்களை அப்படித்தான் படித்தேன்.

துளைக்குறியைப் பூட்டினால் இன்னொரு நன்மையும் உண்டு. பழைய குறிகளுக்கிடையே 38 சென்ரிமீற்றர் இருப்பதாக அளந்து எழுதியிருக்கிறாய். பின்குறி, குழாய்க்குப் பின்னாலுள்ள உடற்பெட்டியின் பின்முனைக்குப் போனால் அது ஏறத்தாழ 62 ஆகும். குறிபார்ப்பதில் பத்தில் ஒரு மில்லிமீற்றர் பிசகினால், பழைய ஏற்பாட்டில் ஐம்பது மீற்றரில் குண்டு 13 மில்லிமீற்றர் விலகும். புதியதில் 8 மட்டுமே விலகும். கஸ்தூரியார் வீதியில் முப்பது வருடம் மணிக்கூடு திருத்தியவனுக்குப் பத்தில் ஒரு மில்லிமீற்றர் என்பது பெரிய அளவு.

வேலையைத் தொடங்கும் முன்னர் குண்டுப் பெட்டியைக் கழற்றி, குழாயின் தோட்டா அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, துவக்கு வெறுமையானது என்று உறுதிசெய்துகொள். உடற்பெட்டி அலுமினியக் கலவை. அதில் ஏற்கெனவே மரை வெட்டிய துளைகள் இருக்கின்றன. உருக்குத் திருகாணியை முழுப் பலத்துடன் முறுக்கினால் மரை கிழிந்துவிடும், கிழிந்த மரையைச் சீராக்குவது பெரிய வேலை. மரை பிடிக்கும் நீலப் பசையில் ஒரு சொட்டைத் திருகாணியில் விட்டு, சிறிய முறுக்கியால் விரற்பலத்துடன் இறுக்கு. குழாயிலுள்ள பழைய குறிகள் அடி அகன்று வாய் ஒடுங்கிய டவ்டெயில் காடியில் செருகப்பட்டவை. குழாயைத் தோல் சுற்றிப் பற்றுக்குறட்டில் பிடித்து, பழைய இடத்தைப் பென்சிலால் அடையாளமிட்டு, பித்தளைக் கட்டையை வைத்துச் சிறு சிறு தட்டாகத் தட்டு. உருக்கு உளியால் தட்டினால் வடு என்றும் மறையாது. கழற்றிய பழைய உறுப்புகளை எறிந்துவிடாதே.

முன்குறியையும் மாற்றும்படி வேண்டுகிறேன். இப்போதுள்ள பொன்னிற மணி அழகானதுதான், ஆனால் வெயில் இடப்புறமிருந்து விழும்போது மணியின் இடப்பக்கம் மின்னும். கண் அந்த மின்னலையே நடுவில் வைத்துக்கொள்ளும். குண்டு வலப்புறம் போகும். தட்டையான, மினுக்கமற்ற கரிய சதுரத் தூண் போதும். உயரத்தைத் தீர்மானிக்கப் பெரிய கணக்கு வேண்டியதில்லை. இலக்கில் விலகிய அளவைக் குறிகளுக்கிடையேயுள்ள தூரத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகு. ஐம்பது மீற்றரில் 40 மில்லிமீற்றர் மேலே விழுந்தால், முன்குறி அரை மில்லிமீற்றர் உயர வேண்டும். பின்குறியைக் குண்டு போக வேண்டிய பக்கத்துக்கே நகர்த்த வேண்டும்; முன்குறிக்கு அது நேரெதிர். ஆகையால் சற்று உயரமான தூணையே வாங்கு. சூடு தாழ்வாக விழும், நீ அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து மேலே ஏற்றலாம். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால், பின்குறியின் சரிசெய் திருகை முதலில் நடுவில் நிறுத்தி, ஐந்து ஐந்து சூடாக இரண்டு தடவை சுட்டுப் பார்த்த பின்னரே அரத்தை எடு. அதற்கு முன் ஒரே வகைத் தோட்டாவைத் தெரிந்தெடு. .22 தோட்டாக்களில் வேகம் வகைக்கு வகை மாறும், வேகம் மாறினால் விழும் உயரமும் மாறும். ஒரு வகைக்குச் சரிசெய்த குறியை இன்னொரு வகை தவறாக்கிவிடும்.

சுடும்போது துளையைப் பார்க்காதே. தூணின் நுனியைப் பார். துளையின் நடுவைக் கண் தானே கண்டுபிடிக்கும். மிகச் சிறிய துளை பகல் வெளியில் நன்று, மாலை மங்கலில் இருட்டும். இரண்டு அளவுகள் வாங்கி வை. கண்ணாடிக் கடையில் உன் தூரப்பார்வை அளவுடன் அரை டயோப்டர் கூட்டி ஒரு கண்ணாடி செய்வித்தால், தூணும் இலக்கும் இரண்டும் சமாளிக்கத்தக்கனவாகத் தெரியும். புரை எடுத்தபின் என் வலது கண்ணுக்கும் வேலை மேசைக்கென்று தனியாக ஒரு கண்ணாடி போட்டிருக்கிறேன்.

புதிய குறிகளைப் பூட்டியதும் அவற்றுக்கிடையேயுள்ள தூரத்தை மறுபடி அளந்து எழுது. முதல் பத்துச் சூடும் விழுந்த இலக்குக் கடதாசியை மடித்து உறைக்குள் வை. பின்புறத்தில் தோட்டாவின் வகையையும் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுந்தது என்பதையும் குறித்துவிடு. எவ்வளவு தேய்க்க வேண்டும் என்பதை நான் இங்கிருந்தே கணக்கிட்டு எழுதுகிறேன்.

உன் அன்பு நண்பன்