முதலில் ஐஸைச் சோதியுங்கள்

தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை, மீன்வளத் துறை, கடலூர் மாநகராட்சி அதிகாரிகளுக்கு,

வணக்கம். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் இறங்கும் மீனையும், அதைச் சாப்பிடுகிறவர்களின் குடலில் வாழும் பாக்டீரியாவையும் முப்பது வருடம் ஆராய்ந்த நுண்ணுயிரியல் ஆசிரியை நான். போன வருடம் ஓய்வு பெற்றேன். உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். ஐஸையும், ஐஸ் செய்யும் தண்ணீரையும் தினமும் சோதிக்கத் துறைமுகத்திலேயே ஒரு சின்ன அறை வேண்டும். அதில் நம் ஊர்ப் பிள்ளைகளும் மீன் விற்கும் பெண்களும் வேலை செய்ய வேண்டும். ஏன் என்று சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் துறை ஆட்டோகிளேவ் பழுதாகிக் கிடந்தது. வீட்டு பிரஷர் குக்கரைக் கொண்டுபோய்த்தான் குழாய்களைக் கிருமி நீக்கம் செய்தோம். விடியற்காலை 4 மணிக்கு ஏலத்துக்குப் போய், தெர்மாக்கோல் பெட்டியில் சாம்பிள் வாங்கி, டவுன் பஸ்ஸில் கல்லூரிக்கு வந்து, 10 மணி வகுப்புக்குள் பெட்ரி தட்டில் பரப்பி முடித்துவிடுவோம். உழைப்பில் நாங்கள் குறை வைக்கவில்லை. கண்டதை யாரிடம் சொன்னோம் என்பதில்தான் குறை. எல்லாவற்றையும் ஆய்விதழ்களுக்கு அனுப்பினோம். 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஆசிரியர்களின் பணியை எண்களால் அளக்கும் ஏபிஐ மதிப்பெண் முறையைக் கொண்டுவந்த பிறகு அது இன்னும் கூடியது. பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை தேவைப்பட்டது. மீன் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொன்ன மணி நேரத்தை யார் எண்ணுவார்கள்?

என் மாணவி ஒருத்தியின் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஒரு மீன்கார அக்கா மூன்று வருடம் செவ்வாய்தோறும் மீன் கொடுத்தார். பாதி நாள் காசு வாங்க மாட்டார். ஆய்வேடு ஆங்கிலத்தில் அச்சானது, வைவா முடிந்தது, மாணவியும் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டாள். அப்புறம் ஒருநாள் நான் தனியாகப் போனபோது அக்கா கேட்டார்: "டீச்சரம்மா, அந்தப் பொண்ணு எழுதுச்சே, அதுல எம் மீனப் பத்தி என்னா போட்டிருக்கு?"

நின்ற இடத்திலேயே சொன்னேன். படகிலிருந்து இறங்கும்போது மீனில் மனிதக் குடல் கிருமி அநேகமாக இல்லை, கூடைக்கு வந்த இரண்டு மணி நேரத்தில் வந்துவிடுகிறது என்றேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவரோ, "மீனுல ஏன் தேடுறீங்க, ஐஸுல தேடுங்க. ஒரு எடத்து ஐஸு உருகினா தண்ணி கலங்கலா வரும், கையில வழவழன்னு ஒட்டும். அதுல வச்ச மீனு சாயங்காலத்துக்குள்ள செவுளு வெளுத்துடும்" என்றார்.

அந்த ஆய்வேட்டில் ஐஸைப் பற்றி ஒரு பத்திகூடக் கிடையாது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மீனோடு ஐஸையும் எடுத்துவந்தோம். உருகிய தண்ணீரைப் பாக்டீரியா வளர்க்கும் மெக்கான்கி திரவத்தில் விட்டு 37 டிகிரியில் வைத்தோம். மறுநாள் காலையில் ஊதா நிறக் குழாய்கள் மஞ்சளாகியிருந்தன. உள்ளே கவிழ்த்துப் போட்ட குட்டி டர்ஹாம் குழாய்களில் வாயு நின்றது. கோலிஃபார்ம் பாக்டீரியா இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். 44.5 டிகிரியிலும் வாயு தந்தவை பெரும்பாலும் மனிதர், விலங்கு மலத்தின் வழியாக வந்தவை. அக்கா கைகாட்டிய ஐஸில்தான் அவை அதிகம். அவருடைய விரல் நுனி எங்கள் இன்குபேட்டருக்கு முன்னாலேயே அதைக் கண்டுபிடித்திருந்தது.

ஐஸ் எப்படி உருவாகிறது என்பதை உங்களில் பலர் நேரில் பார்த்திருக்கலாம். போர்வெல் தண்ணீரையோ லாரித் தண்ணீரையோ தகரக் கேன்களில் நிரப்பி, உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த உப்புத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குகிறார்கள். மறுநாள் அது ஐஸ் பாராக வெளியே வருகிறது. பாரைத் தரையில் இழுத்து, கொக்கி போட்டு, கோணி சுற்றி லாரியில் ஏற்றி, துறைமுகத்தில் உடைக்கும் இயந்திரத்துக்குள் தள்ளுகிறார்கள். உடைந்த ஐஸை மண்வெட்டியால் அள்ளுகிறார்கள். அந்தத் தரையில்தான் எல்லோருடைய செருப்பும் நடக்கிறது. உறைந்தால் கிருமி செத்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது சரியில்லை. கொஞ்சம் சாகும், மீதி தூங்கும். ஐஸ் உருகினால் விழித்துக்கொள்ளும்.

நான் எந்தக் கூட்டத்தில் இதைச் சொன்னாலும் ஒரு கேள்வி வரும்: "நம்ம வீட்டுல மீனைக் கொதிக்க வச்சுத்தானே மேடம் சாப்பிடறோம்?" நல்ல கேள்விதான். குழம்பில் கொதிக்கும் மீனில் ஈ. கோலை என்ற குடல் கிருமி பிழைக்காது. ஆனால் அந்த ஐஸ் தண்ணீர் அருவாமனையில் வழிகிறது, பையிலிருந்து சொட்டுகிறது, கழுவும் தொட்டியில் தங்குகிறது. அதே கையும் அதே தொட்டியும் அடுத்துத் தேங்காய்ச் சட்னிக்கும் பச்சை வெங்காயத்துக்கும் போகின்றன. ஷிகெல்லா என்ற கிருமி நூறுக்கும் குறைவாக வயிற்றுக்குள் போனாலே சீதபேதி வரப் போதும். இன்னொன்று: மீனுக்குத்தானே என்று செய்யும் ஐஸ் பார், வெயில் காலத்தில் கரும்புச்சாறு வண்டிக்கும் சர்பத் கடைக்கும் போவதை யாரும் தடுப்பதில்லை. அந்தக் குவளையை யார் கொதிக்க வைக்கிறார்கள்?

கொதிக்க வைத்தாலும் போகாத ஒன்றும் உண்டு. கானாங்கெளுத்தி, சூரை, மத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். ஐஸ் போதாமல் மீன் சூடானால், மார்கனெல்லா போன்ற பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஹிஸ்டமின் எந்தக் கொதிப்புக்கும் அசையாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், உடம்பு அரிக்கும், தலை வலிக்கும். என் மாமியார் தனக்குக் கானாங்கெளுத்தி ஆகாது என்று இருபது வருடம் அதை ஒதுக்கிவைத்திருந்தார். மருத்துவர்களும் ஒவ்வாமை என்றே எழுதிக் கொடுத்தார்கள். படகிலிருந்து இறங்கியதும் நல்ல ஐஸில் வைத்த கானாங்கெளுத்தியை நானே ஒருநாள் சமைத்துக் கொடுத்தேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் இரண்டும் வேண்டும்: ஐஸ் நிறைய இருக்க வேண்டும், அது சுத்தமாகவும் இருக்க வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை விட முடியாது.

நம் கடலில் இயல்பாகவே வாழும் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்ற பாக்டீரியாவையும் சொல்ல வேண்டும். 1950இல் ஜப்பானின் ஒசாகாவில் மத்திக் குஞ்சுக் கருவாட்டைத் தின்ற 272 பேர் நோயுற்று 20 பேர் இறந்தார்கள். அப்போதுதான் ஃபுஜினோ என்ற விஞ்ஞானி அந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார். ஏற்ற சூடு கிடைத்தால் அது சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஒரு கிருமி மூன்று மணி நேரத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிடும். வெயிலில் நிற்கும் கூடைக்கு மூன்று மணி நேரம் பெரிய நேரமா?

ஒரே சட்டி மீன் குழம்பு, வீட்டில் ஐந்து பேர் சாப்பிட்டார்கள், இருவருக்கு மட்டும் வயிற்றுப்போக்கு. இந்தப் புதிர்தான் என்னைக் குடல் பாக்டீரியாவின் பக்கம் இழுத்தது. நம் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா வாழ்வதாக 2016இல் வெளியான கணக்கு சொல்கிறது; பெரும்பகுதி பெருங்குடலில். புதிதாக வரும் கிருமிக்கு இடமும் தீனியும் கொடுக்காமல் தடுப்பவை அவைதான். வயிற்றுக்கு ஆகவில்லை என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் ஆன்டிபயாடிக் அந்தக் காவலையே கலைத்துவிடுகிறது. நெஞ்செரிச்சல் மாத்திரையைத் தினமும் போடுகிறவர்களுக்கு இரைப்பை அமிலம் என்ற முதல் வாசலும் பலவீனம். தேவனாம்பட்டினத்துப் பெரியவர்கள் காலையில் குடிக்கும் நீராகாரத்திலிருந்து பிரித்தெடுத்த லாக்டிக் அமில பாக்டீரியாவை உறைபெட்டியில் சேர்த்து வைத்திருந்தேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வந்தது. நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. பெட்டியைத் திறந்தபோது எல்லாம் போயிருந்தது. மறுபடியும் வீடு வீடாகப் போய்ச் சேகரித்தேன். அந்த வேலையை நான் மிகவும் நேசித்தேன், இன்றும் நேசிக்கிறேன். ஆனால் குடலுக்குள் இருக்கும் காவலைப் பற்றி எவ்வளவு படித்தாலும், வெளியிலிருந்து தினமும் கிருமியை ஊற்றிக்கொண்டிருந்தால் பயன் இல்லை.

இனி உங்கள் பக்கம். உணவைத் தொடும் ஐஸ் குடிக்கத் தகுந்த தண்ணீரில்தான் செய்யப்பட வேண்டும் என்பது 2011 உணவுப் பாதுகாப்பு உரிம விதிகளின் நான்காம் அட்டவணையிலேயே இருக்கிறது. புதுச் சட்டம் வேண்டாம். 2018இல் மீனில் ஃபார்மலின் கலக்கிறார்கள் என்ற பீதி வந்தபோது நீங்கள் சந்தை சந்தையாகப் போனதை நான் பார்த்தேன். அதே அக்கறை ஐஸ் கம்பெனியின் தண்ணீர்த் தொட்டிவரை போக வேண்டும்.

இப்போதுள்ள முறை மீனுக்குப் பொருந்தவில்லை. மாநிலத்தின் உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் சென்னை, தஞ்சாவூர், சேலம், மதுரை, கோவை, பாளையங்கோட்டையில் இருக்கின்றன. கடலூரிலிருந்து போகும் சாம்பிளுக்கு 14 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம். அரிசிக்கும் எண்ணெய்க்கும் அது சரி. காலையில் ஏலம் போன மீன் அன்று ராத்திரியே செரித்துவிடும். வழக்குப் போட 14 நாள் அறிக்கை இருக்கட்டும். எச்சரிக்க அன்றாடச் சோதனை வேண்டும்.

அதற்குப் பெரிய செலவும் இல்லை. 1982இல் குவாலியரில் மஞ்சாவும் அவருடைய சக விஞ்ஞானிகளும் ஒரு குப்பிச் சோதனையை உருவாக்கினார்கள். தண்ணீரை ஊற்றி நம் ஊர் வெப்பத்திலேயே ஒரு நாள் வைத்தால் போதும். தண்ணீரில் மலம் கலந்திருந்தால் குப்பி கறுத்துவிடும். இன்குபேட்டர்கூட வேண்டாம். வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு 5 பெண்களுக்குத் தண்ணீர்ச் சோதனைப் பயிற்சி கொடுக்கிறார்கள். அதே பயிற்சியை மீன் விற்கும் பெண்களுக்குக் கொடுங்கள். கறுத்த குப்பி எந்தத் தண்ணீருடையது என்று மறுநாள் ஏலக்கூடப் பலகையில் தமிழில் எழுதிவிடலாம். குப்பி கறுத்த இடத்தில் மட்டும் முழுச் சோதனை செய்ய ஒரு நுண்ணுயிரியல் பட்டதாரி இருந்தால் போதும். நம் மாவட்டத்தில் படித்துவிட்டு இந்தப் படிப்புக்குச் சம்பந்தமில்லாத வேலையில் இருக்கும் என் மாணவர்களே பல பேர்.

2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, புதுச்சேரி அரசு அங்கே பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தது. சிதம்பரம், சீர்காழி தாண்டினால் காரைக்கால். தண்ணீர் கெட்டால் அதில் செய்த ஐஸும் கெடும், அந்த ஐஸ் லாரி ஏறி எங்கும் போகும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஐஸ் கம்பெனிகளிலும் வேலை குறைவு. தொட்டியைக் கழுவ, துருப்பிடித்த கேனை மாற்ற, போர்வெல் தண்ணீரைச் சோதிக்க, பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க அதைவிட நல்ல சமயம் கிடையாது. வரும் மீன்பிடித் தடைக்காலத்தில் தொடங்குங்கள். பயிற்சியை நான் நடத்துகிறேன், எனக்குச் சம்பளம் வேண்டாம். ஐஸைத் தேடச் சொன்ன அந்த அக்காவிடம் பேசிவிட்டேன். முதல் குப்பியை அவர் பிடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் பேராசிரியை,
கடலூர் முதுநகர்