நோட்டு நிறைந்தால் படிப்பு வந்துவிட்டதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசுப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பாட்டுப் பாடி, பொம்மை செய்து பொழுதைப் போக்குகிறார்கள், எழுத்து வேலையே கிடையாது என்று போன வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பாட்டும் பொம்மையும் இருப்பது உண்மைதான். ஆனால் அது பொழுதுபோக்கு என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. என் மகள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் இருக்கிறேன், அதனால் அவ்வப்போது வகுப்பறைக்குள் உட்கார்ந்து பார்க்கக் கிடைக்கிறது.

எந்தக் கூட்டம் நடந்தாலும் ஒரு கேள்வி தவறாமல் வரும். "டீச்சர், நோட்டுல ஒண்ணுமே எழுதலையே, வீட்டுப்பாடமும் குடுக்க மாட்டேங்கிறீங்க, புள்ள எப்படிப் படிக்கும்?" கேட்பவர்களையும் குறை சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை வேனில் போகிற பள்ளியில் யுகேஜியிலேயே ரெட்டைக் கோடு, நாலு கோடு, கட்டம் போட்டது என்று பை நிறைய நோட்டு. அதைப் பார்த்தால் யாருக்குத்தான் வயிற்றைக் கலக்காது? அந்தப் பிள்ளை ஒருநாள் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து 'மரம்' என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியது, எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. சும்மா ஒரு தாளில் 'படம்' என்று எழுதிக் காட்டினேன். அதையும் 'மரம்' என்றே படித்தது. பாவம், அது எழுதவே இல்லை, கோலம் போடுகிற மாதிரி பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறது. நோட்டு மட்டும் நிறைந்துவிட்டது.

247 எழுத்து என்று நாமே பிள்ளைகளைப் பயமுறுத்துகிறோம், ஆனால் அவர்கள் திணறுவது எண்ணிக்கையால் அல்ல. 'கொக்கு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, அடுத்தது க, அதற்கப்புறம் கால், வாயில் வர வேண்டியதோ ஒரே ஒலி. பிள்ளை "கெ... கா..." என்று உடைத்துப் படித்துவிட்டு முழிக்கும். எங்கள் டீச்சர் இதற்கு ஒன்று செய்கிறார். க எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை நடுவில் நிற்கும், கொம்பு அட்டை ஒருபக்கம், கால் அட்டை மறுபக்கம். மற்ற பிள்ளைகள் "கொ" என்று கத்துவார்கள். டீச்சர் கண்ணைக் காட்டினால் கால் அட்டைக்காரன் ஓடிப்போய் உட்கார்ந்துவிடுவான், உடனே எல்லோரும் "கெ" என்பார்கள். நடுவில் நிற்பவரை மாற்றினால் மொ, பொ, தொ என்று போய்க்கொண்டே இருக்கும், கொஞ்ச நேரத்தில் யார் எந்த எழுத்து என்று பிள்ளைகளே சண்டை போடுகிற அளவுக்கு ஆட்டம் சூடுபிடித்துவிடும். ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்கும் அப்பாவுக்கு இது கூத்து. அன்றைக்கு நோட்டில் ஏறியது என்னவோ நான்கே சொற்கள்தான், ஆனால் சொல்லிக்கொடுக்காத 'தொட்டி'யை மறுநாள் தானாகவே படிக்கிறார்கள்.

கணக்கிலும் இதே கதை. 43-இலிருந்து 18-ஐக் கழிக்கச் சொன்னால் நிறையப் பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். 3-இலிருந்து 8 போகாது, அதனால் திருப்பிப் போட்டு 8-இலிருந்து 3-ஐக் கழித்துவிடுவார்கள். இந்தப் பிள்ளைக்கு அதே மாதிரி இருபது கணக்கை வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் இருபதையும் தப்பாகவே போட்டுக்கொண்டு வரும், தப்பு இன்னும் கெட்டிப்படும். குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுங்கள், நாலு கட்டு, மூன்று உதிரி. எட்டுக் குச்சி எடு என்றால் உதிரியில் போதாது, ஒரு கட்டை அவிழ்த்தே ஆக வேண்டும். "கடன் வாங்கு" என்று நாம் மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்தது என்ன என்பது அந்த ரப்பர் பேண்டைக் கழற்றும்போதுதான் தெரிகிறது. எனக்கே அப்போதுதான் விளங்கியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் மறுபடி திறந்தன. இடையில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, வகுப்பறையையே பார்க்காமல் இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. 2025-க்குள் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எல்லோரும் பொருள் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது அப்போது வைத்த இலக்கு. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை எந்த நிலையில் இருக்கிறதோ அங்கிருந்தே சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் மூன்று வகுப்பையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் மூன்று நிலையைப் பார்க்க வேண்டும், அப்புறம் மதிப்பீட்டைச் செல்போனில் வேறு ஏற்ற வேண்டும். குறை சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லுங்கள், சேர்ந்து நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

வீட்டுப்பாடம் பற்றி ஒரு வார்த்தை. சிபிஎஸ்இ பள்ளிகளில் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது, மொழியும் கணக்கும் தவிர வேறு பாடமும் வேண்டாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதமே சொல்லிவிட்டது. நம் ஊரில் இன்னமும் பாதி அம்மாக்கள் ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளையின் கையைப் பிடித்து எழுதவைக்கிறார்கள், தூங்கிவிட்டால் தாங்களே எழுதிவிடுகிறார்கள்.

வீட்டில் ஏதாவது செய்துதான் ஆக வேண்டும் என்றால் நோட்டை மூடி வைத்துவிட்டு, பார்க்காத ஒரு வரியைப் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பஸ் போர்டு, ரேஷன் கடைப் பலகை, மளிகைச் சீட்டு, எதுவானாலும் சரி. (தாத்தா பாட்டி சொல்லிக்கொடுத்தால் ஒரு எச்சரிக்கை: 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் படித்தவர்கள் யானைத் தும்பிக்கை மாதிரி வளைவு போட்ட பழைய 'லை'யை எழுதிக் காட்டுவார்கள். எங்கள் வீட்டில் அது ஒரு தனிப் பஞ்சாயத்து.)

கடைசியாக உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் சிறுவர் பகுதி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது ஐந்தாம் வகுப்புக்கு மேலே உள்ளவர்களுக்கு. பொடி எழுத்து, நீள வாக்கியம், ஆறு ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒரு வரிகூட ஓடாது. வாரத்துக்கு ஒரு கால் பக்கம் இந்தப் பொடிசுகளுக்கு ஒதுக்க முடியுமா? பெரிய எழுத்தில் ஐந்தாறு வரிக் கதை போதும், ஷ, ஜ, ஹ வேண்டாம், வாக்கியத்துக்கு மூன்று நான்கு சொல்லுக்கு மேல் போக வேண்டாம். புள்ளியை இணைப்பதும் வண்ணம் தீட்டுவதும் வேறு எங்கேயும் கிடைக்கின்றன, அவை இதில் தேவையில்லை. சனிக்கிழமைப் பேப்பரில் போட்டால் வசதி, அன்றைக்குத்தான் வீட்டில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார்கள்.

இப்படிக்கு,
இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா,
புதுக்கோட்டை மாவட்டம்.