படிவத்தில் எங்களுக்கும் ஒரு கட்டம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலைக்கு விண்ணப்பிக்கும் படிவத்தில் ‘ஆக உயர்ந்த கல்வித் தகுதி’ என்று ஒரு கட்டம் வரும். பட்டம், டிப்ளோமா, தொழில்நுட்பக் கல்விக் கழகச் சான்றிதழ், பள்ளியில் எழுதும் சாதாரண நிலைத் தேர்வு என்று ஒரு பட்டியல் விரியும். நான் நிரப்பிய படிவங்கள் பலவற்றில் டபிள்யூ.எஸ்.கியூ. என்ற தொழில்திறன் பயிற்சிச் சான்றிதழுக்கு அதில் இடமில்லை.

எனக்கு 47 வயது. சாதாரண நிலையோடு படிப்பை நிறுத்தி, ஒரு கிடங்கில் 18 ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஆட்குறைப்பில் வேலை போயிற்று. 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் அரசாங்கம் கொடுத்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சிக் கட்டணத் தொகை கையில் இருந்த தைரியத்தில் சரக்கு இருப்பு நிர்வாகம் படிக்கச் சேர்ந்தேன். பாடம் முழுக்க ஆங்கிலம். ராத்திரி சமையல் முடிந்த பிறகு என் மகள் உட்கார்ந்து விளக்குவாள். அப்படித்தான் தேறினேன். அரசாங்கத்தின் அந்தப் பண உதவிக்கு நன்றி சொல்லாமல் மேலே எழுத எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் நேர்காணலுக்குப் போனேன். என் சான்றிதழ்களை ஒருவர்கூட வாங்கிப் பார்க்கவில்லை. “டிப்ளோமா இருக்கிறதா?” என்றுதான் கேட்டார்கள். 18 ஆண்டு அனுபவமும் புதுச் சான்றிதழும் சேர்ந்தாலும் அந்த ஒரு கேள்வியைத் தாண்ட முடியவில்லை.

இதே ஊரில் வேறு மாதிரியும் நடக்கிறது. என் அத்தான் உட்லண்ட்ஸில் பாதுகாவல் அதிகாரி. அவர் துறையில் 2016 முதல் படிப்படியாக உயரும் சம்பள முறை கட்டாயம். எந்தப் பதவிக்கு எந்த டபிள்யூ.எஸ்.கியூ. பயிற்சி வேண்டும், அந்தப் பதவிக்குக் குறைந்தபட்சச் சம்பளம் எவ்வளவு என்று இரண்டும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கின்றன. அவர் வகுப்பில் சேரும்போதே அடுத்த படி எது, அதில் சம்பளம் எவ்வளவு என்று தெரிந்துதான் சேர்கிறார். துப்புரவுத் துறையில் இந்த முறை அதற்கும் முன்பே, 2014இல் வந்துவிட்டது. அந்த அண்ணன் அக்காமார்களுக்குக் கிடைத்த தெளிவு கிடங்கில் வேலை தேடும் எங்களுக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

தேர்ந்தெடுத்த முழுநேரப் பயிற்சிகளுக்கு மாதம் 3,000 வெள்ளி வரை படித்தொகையும் இப்போது உண்டு. மக்கள் பணம் இவ்வளவு செலவாகும்போது, சான்றிதழை வாங்கிப் பார்க்கும் பொறுப்பு முதலாளிகளுக்கும் இருக்க வேண்டும். ஊழியர் பயிற்சிக்காக அரசாங்கத்திடம் மானியம் வாங்கும் நிறுவனங்களுக்கு ஒரு நிபந்தனை போடலாம்: வேலை விளம்பரத்தில் ‘டிப்ளோமா’ என்று கேட்டால், அதற்கு ஈடாக எந்தக் குறுகியகாலச் சான்றிதழை, எத்தனை ஆண்டு அனுபவத்தோடு ஏற்பார்கள் என்பதையும் எழுத வேண்டும். எதையும் ஏற்க மாட்டோம் என்றால் சரி, அதையாவது வெளிப்படையாகச் சொல்லட்டும். வகுப்புக்கு ஓடும் முன்பே நாங்கள் தெரிந்துகொள்வோம்.

என் கணக்கில் இன்னும் பணம் மிச்சமிருக்கிறது. அடுத்து என்ன படிக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். எந்தச் சான்றிதழைக் கொண்டுபோனால் நேர்காணலில் வாங்கிப் பார்ப்பார்கள் என்று யாராவது சொன்னால், நாளைக்கே பதிந்துவிடுவேன்.

இப்படிக்கு,
வாசகி, ஈசூன்