வலி முழங்கையில், பிழை முன்காலில்: ஈட்டி எறியும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய வீடியோவை ஸ்லோ மோஷனில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டையும் படித்தேன். முழங்கை லிகமென்ட் (எலும்போடு எலும்பைக் கட்டிவைக்கும் நார்) முழுசாக அறுந்துபோகவில்லை, பாதிக் கிழிசல்தான், இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருப்பது பெரிய நிம்மதி. ஆனால் "ஆறு வாரம் ரெஸ்ட் எடுத்தாச்சு, வலி சுத்தமா இல்ல, அடுத்த வாரம் எறியலாமாண்ணா?" என்று கேட்டிருக்கிறாயே, அதற்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். ஏன் என்று நீளமாகவே சொல்கிறேன். இதே கேள்வியோடு நிறைய பேர் இருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும் என்றுதான் உன் பெயரை விட்டுவிட்டுப் பொதுவில் எழுதுகிறேன்.

வீடியோவில் கடைசி இரண்டு அடிகளை மட்டும் பார். வலது கால் ஊன்றுகிறது, இடது கால் முன்னால் போய்க் குதிகால் தரையைத் தொடுகிறது, அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. தொட்ட மறுகணமே இடது முழங்கால் மடங்கிவிடுகிறது. ஓடிவந்த வேகத்தை அந்தக் கால் விறைப்பாக நின்று தடுக்க வேண்டும். அது தடுத்தால்தான் இடுப்பு முன்னே திரும்பும், நெஞ்சு ஒரு கணம் பின்தங்கி உடம்பு வில்லாக வளையும், அந்த இழுவை தோளுக்குப் போய், தோளிலிருந்து முழங்கைக்கும் கடைசியாக மணிக்கட்டுக்கும் போகும். உன் கால் மடங்கியதும் வேகத்தில் பெரும்பகுதி அங்கேயே வீணாகிவிடுகிறது. ஆனால் ஈட்டி தூரம் போயாக வேண்டுமே! காலும் இடுப்பும் கொடுக்காததைக் கை தனியாக ஈடுகட்டப் பார்க்கிறது. உடம்பு இடப்பக்கம் சாய, முழங்கை தோள் மட்டத்துக்குக் கீழே இறங்க, கை தலைக்கு மேலே வராமல் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு வருகிறது.

அந்த நிலையில் மேல்கை முன்னால் போய்க்கொண்டிருக்கும்போது முன்கை இன்னும் பின்னால் கிடக்கிறது. முழங்கையின் உள்பக்கம் பிளந்து திறக்கப் பார்க்கிறது. அதைப் பிடித்துவைத்திருப்பது சின்னதாக ஒரு லிகமென்ட், உனக்குக் கிழிந்ததும் அதுதான். பேஸ்பாலில் பந்தை எறியும் பிட்சர்களை ஆய்வுக்கூடத்தில் அளந்தபோது, தோள் உள்நோக்கிச் சுழலும் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 7000 டிகிரி வரை போனது. அந்தப் பந்தின் எடை 145 கிராம் அளவுதான். உன் கையில் இருப்பது 800 கிராம். முன்கையின் உள்பக்கத் தசைகள் சுமையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், ஆனால் அவை களைத்துவிட்டால் அந்தப் பங்கும் லிகமென்ட் மேல்தான் விழும். "கடைசியா இன்னும் ரெண்டு" என்று பயிற்சி முடிவில் எறிவதை நான் அடியோடு வெறுப்பது இதனால்தான்.

வலி போனதைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீக்கம் வடிந்தால் வலி போய்விடும், லிகமென்ட் அவ்வளவு சீக்கிரம் ஆறாது, அதற்கு ரத்த ஓட்டமே குறைவு. பாதிக் கிழிசலுக்கே பெரும்பாலும் 6 முதல் 12 வாரம் வரை எறியவிட மாட்டார்கள், அதன் பிறகும் படிப்படியாகத்தான். அவசரப்பட்டு முழுசாக அறுந்துபோனால் கதை வேறு. 1974இல் டாமி ஜான் என்ற பேஸ்பால் வீரருக்கு ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் மறு கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து முழங்கையில் வைத்துத் தைத்தார். 1975 சீசன் முழுக்கப் போனது. 1976இல் திரும்பி வந்தவர் 1989 வரை ஆடினார் என்பது உண்மைதான், ஆனால் இன்றைக்கும் அந்த ஆபரேஷன் செய்துகொள்ளும் பிட்சர்கள் போட்டிக்குத் திரும்ப ஒரு வருஷத்துக்கு மேலே ஆகிறது. நீரஜ் சோப்ராவும் 2019 மே மாதம் முழங்கையில் ஆபரேஷன் செய்துகொண்டு அந்த சீசனையே விட்டார், உலக சாம்பியன்ஷிப்பும் சேர்த்து. 2020 ஜனவரியில் திரும்பி வந்து தென்னாப்பிரிக்காவில் 87.86 மீட்டர் எறிந்ததைத்தான் எல்லோரும் பேசுகிறோம். நடுவில் எறியாமலே போன மாதங்களை யாரும் பேசுவதில்லை.

சரி, எறியாத இந்த வாரங்களில் என்ன செய்வது? காலைத் திருத்து. கைக்கு ஓய்வு, காலுக்கு இல்லை. ஒற்றைக் கால் ஸ்குவாட், தாழ்வான பெட்டியிலிருந்து இறங்கி இடது காலை விறைப்பாக ஊன்றி நிற்பது, ஈட்டி இல்லாமல் கிராஸ் ஸ்டெப் (ஒரு காலைக் குறுக்கே வீசி வைக்கும் அடி) போட்டுக் கடைசி அடியில் அப்படியே நிற்பது. இடுப்பும் மேல்முதுகும் தாராளமாகத் திரும்புகிறதா என்று பார். ஃபிசியோ சரி என்றதும் இரண்டு கையாலும் மெடிசின் பால் (கனமான பயிற்சிப் பந்து) எறியலாம். அப்புறம் தோள். எறிகிற கை வெளிப்பக்கம் கூடுதலாகவும் உள்பக்கம் குறைவாகவும் திரும்புவது எறிபவர்களுக்கு இயல்பு. இரண்டையும் கூட்டினால் மறு தோளின் அளவுக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி, குறைந்தால் அதைச் சரிசெய்யாமல் எறியக் கூடாது. ஃபிசியோவிடம் அளந்து எழுதித் தரச் சொல்.

எறிய ஆரம்பிக்கும் நாள் வரும்போது ஒன்றை மறக்காதே. பிட்சர்களிடம் பாதி பலத்தில் எறியச் சொல்லி அளந்தார்கள், பந்தின் வேகமோ முழு வேகத்தில் 85 சதவீதம் அளவுக்கு வந்தது. "மெதுவாத்தான் எறிஞ்சேன்" என்று நம் உடம்பு சொல்வதை நம்ப முடியாது என்று அர்த்தம். அதனால் உன் உணர்வை வைத்து அளக்காதே, தூரத்தையும் எண்ணிக்கையையும் வைத்துக் கட்டுப்படுத்து. முதலில் லேசான பந்து, 15 மீட்டருக்குள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். பிறகு எடை குறைந்த ஈட்டியில் நின்ற இடத்திலிருந்து, அப்புறம் மூன்று அடி, ஐந்து அடி, கடைசியில்தான் முழு ரன்-அப். தூரம், எண்ணிக்கை, எடை இவற்றில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் ஏற்று. மறுநாள் காலையில் முழங்கையின் உள்பக்க எலும்பை ஒட்டி விரலால் அமுக்கிப் பார், வலித்தால் முந்தின படிக்குப் போ. தசையில் பரவலான அசதி பரவாயில்லை. சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போனால் நரம்பு சம்பந்தப்பட்டது, அன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு எறிவது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

டிரயல்ஸ் போய்விடுமே என்று உனக்கு இருக்கும் தவிப்பு எனக்குப் புரிகிறது, போகட்டும் என்று சொல்ல எனக்கும் மனசு வரவில்லை, ஆனாலும் போகட்டும் என்றுதான் சொல்வேன். கோச்சிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்கினால் அவர் நம்பரை எனக்கு அனுப்பு, நானே பேசுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்